மூன்று லட்சம் கூடுதலாகக் கொடுத்து ஹைப்ரிட் வாங்கலாமா?

கேள்வி: மதுரை எல்லீஸ் நகரில் இருக்கிறோம். பத்து வருடப் பழைய டீசல் காரை மாற்றப்போகிறோம். அதன் இரைச்சலில் எனக்குத் தலைவலி வந்துவிடுகிறது. நான் தினமும் திருப்பரங்குன்றத்தில் உள்ள பள்ளிக்கு ஓட்டிப் போகிறேன். மாதம் இரண்டு முறை குடும்பத்தோடு போடி, வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை கொடைக்கானல். எல்லாம் சேர்த்து மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும். அத்தைக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. வாக்கர் வைத்துத்தான் நடக்கிறார். கணவர் டொயோட்டா ஹைரைடர் ஹைப்ரிட் என்கிறார். தம்பி ஹோண்டா சிட்டி ஹைப்ரிட்தான் சத்தமில்லாதது என்கிறான். மைத்துனர் இன்னோவா ஹைகிராஸ் எடுக்கச் சொல்கிறார். சாதாரண ஆட்டோமேட்டிக் ஹைரைடரைவிட ஹைப்ரிட் ஆன்ரோடு விலையில் சுமார் மூன்று லட்சம் அதிகம். பெட்ரோல் மிச்சத்தில் நாலு வருடத்தில் அந்தப் பணம் திரும்பிவிடும் என்று ஷோரூமில் சொன்னார்கள். எங்கள் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் சார்ஜர் வைக்கச் சங்கத்தில் அனுமதி இல்லை, அதனால் மின்சாரக் கார் வேண்டாம். எதை எடுப்பது? — ஒரு வாசகி, மதுரை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த நாலு வருடக் கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அது உங்களுக்குப் பொருந்தாது. ஏசி போட்டு, ஊருக்குள்ளும் வெளியிலும் கலந்து ஓட்டினால் சாதாரண ஆட்டோமேட்டிக் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் உள்ள ஹைப்ரிட் 21 தரும். விளம்பரத்தில் ஹைரைடர் ஹைப்ரிடுக்கு 27.97 என்று போட்டிருப்பது சோதனைக்கூடக் கணக்கு. நம் ஊர் வெயிலிலும் நெரிசலிலும் அதை எதிர்பார்க்க வேண்டாம். பெட்ரோல் நூறு ரூபாய் என்று வைத்தால் ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் முப்பத்தெட்டு காசு மிச்சம். மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்கு 2,380 ரூபாய். மூன்று லட்சம் திரும்பி வர 1,26,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். உங்கள் ஓட்டத்துக்கு அது பத்தரை வருடம். நாலு வருடத்தில் திரும்ப வேண்டுமானால் மாதம் 2,600 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். அது தொழிலுக்காக ஊர் ஊராகப் போகிறவர்களின் கணக்கு.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். அந்த மூன்று லட்சத்தைக் கடனாக வாங்கி, வட்டி 9 சதவீதம் என்றால், முதல் வருடம் வட்டி மட்டும் சுமார் 27,000. மாதம் 2,250. பெட்ரோலில் மிச்சமாவது ஏறக்குறைய அப்படியே வட்டிக்குப் போய்விடுகிறது. ஆகவே பெட்ரோல் மிச்சம் என்பதற்காக மட்டும் ஹைப்ரிட் வாங்காதீர்கள்.

ஆனாலும் நீங்கள் ஹைப்ரிட் வாங்கலாம் என்றுதான் நான் சொல்வேன். காரணம் உங்கள் தலைவலி. தினமும் நீங்கள் ஓட்டுவது எல்லீஸ் நகர், பழங்காநத்தம், திருப்பரங்குன்றம். நின்று நின்று, ஊர்ந்து ஊர்ந்து போகிற பாதை. மெதுவாகப் போகையில் இன்ஜினை அணைத்துவிட்டு மோட்டாரிலேயே ஓடுவதால், ஹைப்ரிட் கார் தன் முழு அருமையைக் காட்டுகிற இடம் அதுதான். மூன்று லட்சத்துக்கு அமைதியை வாங்குகிறோம் என்று நினைத்து முடிவு செய்யுங்கள். உங்கள் உடம்புக்கு அது தேவை என்றால் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஷோரூமில் நடக்கிற ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஹைரைடரிலும் அதன் இரட்டைப் பிறவியான மாருதி கிராண்ட் விட்டாராவிலும் இரண்டு வகை ஹைப்ரிட் உண்டு. விலை குறைந்தது 'மைல்டு ஹைப்ரிட்'. நீங்கள் 'சாதாரண ஆட்டோமேட்டிக்' என்று எழுதியிருப்பது இதுதான். இதில் இருக்கும் சின்ன மோட்டார் இன்ஜினுக்குக் கை கொடுக்கும், அவ்வளவுதான். அதை வைத்து மட்டும் வண்டி நகராது. விலை அதிகமானது 'ஸ்ட்ராங் ஹைப்ரிட்'. இதுதான் இன்ஜினை அணைத்துவிட்டு மோட்டாரிலேயே ஓடக்கூடியது. புக்கிங் ரசீதில் எந்த வகை என்று தெளிவாக எழுதி வாங்குங்கள்.

இனி சத்தம். காருக்குள் கேட்கும் சத்தம் இன்ஜின், டயர், காற்று என்று மூன்று இடத்திலிருந்து வருகிறது. 40 கிலோமீட்டர் வேகம் வரை இன்ஜின்தான் பெரிய சத்தம். 60, 70-ஐத் தாண்டினால் டயர் முந்திக்கொள்ளும். நூறுக்குப் பக்கத்தில் காற்றும் சேர்ந்துகொள்ளும். ஹைப்ரிட் குறைப்பது முதல் சத்தத்தை மட்டும். அதனால் பழங்காநத்தம் சிக்னலில் அது சொர்க்கம். உசிலம்பட்டி ரோட்டில் 90-இல் போகும்போது மற்ற நல்ல கார்களுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஷோரூம்காரர்கள் பக்கத்துத் தெருவில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டி, "பாருங்க, சத்தமே இல்லை" என்பதை இதனால்தான் முழுதாக நம்பக்கூடாது. அந்த வேகத்தில் எந்த ஸ்ட்ராங் ஹைப்ரிடும் சத்தம் போடாது.

சிக்னலில் இன்னொரு வசதியும் உண்டு. ஸ்ட்ராங் ஹைப்ரிடில் ஏசி கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடுகிறது. இன்ஜின் அணைந்திருந்தாலும் குளிர்ச்சி நிற்காது. மைல்டு ஹைப்ரிடில் கம்ப்ரசரை இன்ஜின்தான் பெல்ட் மூலம் சுற்றுகிறது. சிக்னலில் இன்ஜின் அணைந்தால் கொஞ்ச நேரத்தில் வெறும் காற்றுதான் வரும். மதுரையின் சித்திரை, வைகாசி வெயிலில் இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் மதியம் பள்ளி வாசலில் வெயிலில் நின்ற வண்டியை எடுத்து ஏசியை முழுதாக வைத்தால், பேட்டரி சீக்கிரம் இறங்கி, நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடத் தொடங்கும். கோளாறு என்று பயப்பட வேண்டாம், அது தன் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்கிறது. முதல் ஐந்து நிமிடம் கண்ணாடியை இறக்கிவிட்டு உள்ளே இருக்கிற சூட்டை வெளியேற்றினால் அந்த இரைச்சலும் குறையும்.

என் ஒர்க்‌ஷாப்புக்குப் புது ஹைப்ரிட் வாங்கியவர்கள் கொண்டுவரும் புகார்களில் ஒன்று, "டேஷ்போர்டில் கடகடவென்று கேட்கிறது, பின்சக்கரத்தில் டொக் டொக் என்கிறது" என்பது. பெரும்பாலும் வண்டியில் ஒரு குறையும் இருக்காது. முந்தைய காரின் இன்ஜின் சத்தம் மறைத்துவைத்திருந்த சின்னச் சின்ன ஒலிகள் எல்லாம் இப்போது காதில் விழுகின்றன. சத்தத்துக்குக் கூச்சப்படும் உங்களுக்கு முதல் மாதம் இது தொந்தரவாக இருக்கலாம். பழகிவிடும்.

இப்போது உங்கள் தம்பி சொன்னது. சத்தம் ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் சொல்வது சரி. சிட்டி ஹைப்ரிடில் இருப்பது நாலு சிலிண்டர் 1.5 லிட்டர் இன்ஜின். ஹைரைடர் ஸ்ட்ராங் ஹைப்ரிடில் இருப்பது மூன்று சிலிண்டர். மூன்று சிலிண்டர் இன்ஜினுக்கு இயல்பாகவே ஒரு கரகரப்பு உண்டு. மெதுவாகப் போகையில் தெரியாது, ஒரு பஸ்ஸை முந்துவதற்காக ஆக்சிலேட்டரை அழுத்தும்போது நன்றாகத் தெரியும். வேகம் ஏறுவதற்கு முன்னாலேயே இன்ஜின் சத்தம் உச்சத்துக்குப் போய் அப்படியே நிற்கும். இந்த இரண்டு வண்டிகளிலும் வழக்கமான கியர்பாக்ஸ் கிடையாது என்பதால் வருவது அது. சிட்டியும் அழுத்தினால் இரையும், ஆனால் அந்த இரைச்சல் மழுங்கலாக இருக்கும். நால்வழிச் சாலையில் சீரான வேகத்தில் போகும்போது சிட்டியில் ஒரு கிளட்ச் பூட்டிக்கொண்டு இன்ஜினை நேராகச் சக்கரத்தோடு இணைத்துவிடும். அப்போது அது மிக அமைதியாகப் போகும். டிக்கி தனியாக அடைபட்டிருப்பதால் பின்பக்கத்து டயர் சத்தமும் குறைவு. இதில் இன்னொரு வேடிக்கையான உண்மை: விலை குறைந்த மைல்டு ஹைப்ரிட் ஹைரைடரில் இருப்பதும் நாலு சிலிண்டர் இன்ஜின்தான். அழுத்தி ஓட்டும்போது விலை அதிகமான தன் அண்ணனைவிட அது இதமாகவே ஒலிக்கும்.

அப்படியானால் சிட்டியை எடுக்கலாமே என்று கேட்பீர்கள். அத்தை ஏறி இறங்க வேண்டுமே!

சிட்டியின் தரை இடைவெளி 165 மில்லிமீட்டர், ஹைரைடருக்கு 210. இருக்கையும் அதே கணக்கில் தாழ்ந்திருக்கிறது. முழங்கால் மாற்றியவர்களுக்குத் தாழ்ந்த இருக்கையில் உட்காருவதைவிட எழுந்து வருவதுதான் பாடு. முழங்காலை மிகவும் மடக்கி, உடம்பு முழுவதையும் அதன் மேல் தூக்க வேண்டும். ஹைரைடர் மாதிரி வண்டியில் இருக்கை ஏறக்குறைய இடுப்பு உயரத்தில் இருக்கும். பின்புறமாகச் சாய்ந்து உட்கார்ந்து, கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்துக்கொள்ளலாம். முன் இருக்கையை முழுதாகப் பின்னுக்குத் தள்ளி அங்கேயே அவரை உட்கார வையுங்கள். போடிக்குப் போகிற இரண்டு மணி நேரத்தில் கால் நீட்ட இடம் கிடைக்கும், உசிலம்பட்டியில் ஒரு தடவை நிறுத்தி நாலு அடி நடக்க வையுங்கள்.

ஐந்து பேரும் சாமானும் ஏறினால் நம் ஊர் வேகத்தடைகளில் சிட்டியின் அடிவயிறு உரசும் என்பதும் உண்டு. மற்றபடி சிட்டியின் பின் இருக்கையில் கால் வைக்க நல்ல இடம், குலுக்கலும் குறைவு. ஹைரைடர் மெதுவாகப் போகையில் குழிகளைக் கொஞ்சம் விறைப்பாகவே எடுத்துக்கொள்ளும், வேகம் ஏறினால் அடங்கிவிடும். பின்னால் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்தால் நெருக்கம்தான்.

டிக்கியைத் திறந்து பார்த்தீர்களா? ஹைரைடர் மைல்டு ஹைப்ரிடில் 373 லிட்டர் இடம். ஸ்ட்ராங் ஹைப்ரிடில் பேட்டரி அங்கே வந்து உட்கார்ந்துகொள்வதால் 255 லிட்டர்தான். சிட்டியிலும் இதே கதை. பெட்ரோல் சிட்டியின் 506 லிட்டர் டிக்கி ஹைப்ரிடில் நன்றாகவே சுருங்கிவிடுகிறது. உங்களுக்கு வாக்கர் இருக்கிறது, போடியிலிருந்து திரும்பும்போது தேங்காயும் வாழைத்தாரும் வரும். ஷோரூமுக்குப் போகும்போது வாக்கரையும் ஒரு பெரிய சூட்கேஸையும் எடுத்துப்போய் உள்ளே வைத்தே பாருங்கள். விற்பனையாளர் என்ன நினைப்பார் என்று கூச்சப்படாதீர்கள், பணம் உங்களுடையது.

கொடைக்கானலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஹைப்ரிட் வாங்குகிறவர்களிடம் இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஹைரைடர் ஸ்ட்ராங் ஹைப்ரிடின் பேட்டரி 0.76 யூனிட். வீட்டு மின்கட்டணத்தில் வருகிற அதே யூனிட்தான். முக்கால் யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் முழுதையும் வண்டி பயன்படுத்தாது. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கிய சில நிமிடங்களில் அது இறங்கிவிடும். அப்புறம் மேலே போய்ச் சேரும் வரை மூன்று சிலிண்டர் இன்ஜின்தான் முக்கி இழுக்க வேண்டும். நாலு பேரோடு போனால் அந்த இரைச்சல் தொடர்ந்து கேட்கும். அந்த நேரத்தில் இது அமைதியான கார் இல்லை.

இறங்கும்போது இன்னொரு விதம். ஆட்களோடு 1,600 கிலோ எடையுள்ள வண்டி 1,800 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் ஏழெட்டு யூனிட். ஒரு பகுதி காற்றிலும் டயரிலும் போனாலும், மிச்சத்தைப் பிடித்துவைக்க முக்கால் யூனிட் பேட்டரி எப்படிப் போதும்? மலையின் ஆரம்பத்திலேயே நிரம்பிவிடும். நிரம்பியபின் மோட்டார் பிரேக் பிடித்து உதவுவது குறைந்துவிடும். அப்போது கியர் லீவரை 'B' என்ற இடத்தில் வையுங்கள் (பார்க்கிங்குக்கான 'P' அல்ல). பெட்ரோல் எரிக்காமலே இன்ஜின் சுழன்று வண்டியின் வேகத்தைக் கட்டுக்குள் பிடித்துவைக்கும். இன்ஜின் உறுமுகிற மாதிரி சத்தம் வரும். அது கேடு இல்லை, உங்கள் பிரேக்கைச் சூடாகாமல் காக்கிற சத்தம். இதைத் தெரியாமல் பிரேக்கை மட்டுமே மிதித்துக்கொண்டு வந்தால் கீழே வருவதற்குள் புகை வாடை வரும். கணவரும் நீங்களும் இரண்டு பேருமே இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஆண்டிபட்டிக் கணவாய் சின்ன ஏற்றம்தான், அங்கே இந்தக் கவலை இல்லை.

ஹைகிராஸ்? நல்ல வண்டி. இரண்டு லிட்டர் நாலு சிலிண்டர், பேட்டரி முன் இருக்கைகளுக்கு அடியில் இருப்பதால் டிக்கி குறைவதில்லை, நடு வரிசையில் உட்காருவதற்கு அதைப்போலச் சுகமான வண்டி இந்த மூன்றில் இல்லை. ஆனால் தினமும் ஒருவராகத் திருப்பரங்குன்றம் போய்வர அவ்வளவு பெரிய வண்டி எதற்கு? எல்லீஸ் நகர்த் தெருவில் திருப்பி நிறுத்துவதே தினசரி வேலையாகிவிடும். விலையும் வேறு தட்டுக்குப் போகிறது. வீட்டில் ஏழு பேர் சேர்ந்து பயணம் செய்வது வழக்கமாக இருந்தால் மட்டும் மைத்துனர் சொல்வதைக் கேளுங்கள்.

வரி விஷயத்தில் பழைய தகவல்கள் இன்னும் உலவுகின்றன. 2025 செப்டம்பர் 22-க்கு முன், நாலு மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஸ்ட்ராங் ஹைப்ரிடுக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்த்து 43 சதவீதம். அதே அளவு 1.5 லிட்டர் பெட்ரோல் காருக்கு 45. இப்போது இரண்டுக்கும் 40. ஹைப்ரிடுக்கு இருந்த சிறு சலுகையும் போய்விட்டது. பதிவுக் கட்டணம் இல்லை, சாலை வரி இல்லை என்று உங்களிடம் யாராவது சொன்னால், அது 2024-இல் உத்தரப் பிரதேசத்தில் அறிவித்தது. தமிழ்நாட்டில் ஹைப்ரிடுக்கு அப்படி எதுவும் இல்லை. இங்கே 2023 நவம்பரிலிருந்து பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரையுள்ள காருக்கு வாழ்நாள் வரி 18 சதவீதம், இருபதைத் தாண்டினால் 20. மேல் ரகம் ஒன்றுக்கு ஆசைப்பட்டு இருபது லட்சக் கோட்டைக் கொஞ்சம் தாண்டினாலும் வரியில் மட்டும் சுமார் 40,000 ரூபாய் கூடிவிடும். கொட்டேஷனை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள்.

ஆகவே என் பதில்: ஹைரைடர் அல்லது கிராண்ட் விட்டாரா, ஸ்ட்ராங் ஹைப்ரிட், இருபது லட்சத்துக்குள் அடங்குகிற ரகம். இரண்டும் பெங்களூரு பக்கத்துப் பிடாடியில் ஒரே டொயோட்டா தொழிற்சாலையில் பிறந்தவை, இன்ஜினும் பேட்டரியும் ஒன்றே. எந்த சர்வீஸ் சென்டர் உங்களுக்குப் பக்கம், எது சீக்கிரம் கிடைக்கும், எந்த இருக்கைத் துணி பிடித்திருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யலாம். அத்தை மட்டும் இந்தக் கணக்கில் இல்லையென்றால் சிட்டி என்று எழுதியிருப்பேன்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் காலை, அத்தையையும் கூட்டிக்கொண்டு ஹைரைடர், சிட்டி இரண்டு வண்டிகளையும் ஒரே பாதையில் ஓட்டிப் பாருங்கள். ஊருக்குள் கோரிப்பாளையம் பக்கம் ஒரு நெரிசல். பிறகு நத்தம் சாலை மேம்பாலத்தில் ஏறுங்கள். ஏழு கிலோமீட்டருக்கு மேல் சிக்னல் இல்லாத பாதை, சீரான வேகத்தில் டயர் சத்தத்தைக் கேட்க மதுரையில் அதைவிட நல்ல இடம் இல்லை. பாலத்தின் இணைப்புகளில் சக்கரம் ஏறும்போது முதுகில் எவ்வளவு அடிக்கிறது என்பதும் தெரிந்துவிடும். பாட்டை நிறுத்துங்கள், ஏசி விசிறியை ஒன்றில் வையுங்கள். போகும்போது நீங்கள் ஓட்டுங்கள், வரும்போது பின் இருக்கையில் உட்காருங்கள். பால ஏற்றத்தில் ஒருமுறை ஆக்சிலேட்டரை நன்றாக அழுத்தச் சொல்லுங்கள். அந்த இரைச்சல் உங்கள் தலையை வலிக்க வைக்கிறதா என்பதற்கு நான் பதில் சொல்ல முடியாது, உங்கள் காதுதான் சொல்ல வேண்டும். செல்போனில் சத்தம் அளக்கும் செயலி இருந்தால் ஒரே போனை, ஒரே இடத்தில் வைத்து, ஒரே வேகத்தில் இரண்டு வண்டியிலும் பாருங்கள். எண் துல்லியமாக இருக்காது, ஒப்பிட உதவும். பத்து டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும்.

வாங்கியபின் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். பெரிய பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி உண்டு. அது இருக்கும்வரை கம்பெனி சர்வீஸை விடாதீர்கள். பேட்டரியைக் குளிரவைக்கும் காற்றுத்துளை வண்டிக்குள் எங்கே இருக்கிறது என்று டெலிவரி அன்று காட்டச் சொல்லுங்கள். பையோ துணியோ போட்டு அதை அடைக்கக்கூடாது. ஹைப்ரிடைக் கிளம்பவிடாமல் செய்வது பெரும்பாலும் பெரிய பேட்டரி இல்லை, எல்லாக் கார்களிலும் இருக்கிற சின்ன 12 வோல்ட் பேட்டரிதான். கோடை விடுமுறையில் மூன்று நாலு வாரம் வண்டியைத் தொடாமல் விட்டால் அது இறங்கிவிடும், வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது 'ரெடி' விளக்கு எரிய வைத்திருங்கள். கதவுகளுக்குச் சத்தம் அடக்கும் ஷீட் ஒட்டுகிறேன் என்று ஆக்சசரீஸ் கடைக்காரர் வந்தால் கதவோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். ஆரஞ்சு நிற வயர் போகிற பக்கம் யாரும் துளை போடக்கூடாது, அதில் உயர் மின்னழுத்தம் ஓடுகிறது. பெட்ரோல் பங்க்கில் டயருக்குக் காற்று அடிக்கும் தம்பி அளவுக்கு மேல் அடித்துவிட்டால் குலுக்கலும் கூடும், சத்தமும் கூடும். டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் அளவு இருக்கிறது. அதைப் பார்த்து, எண்ணைச் சொல்லி அடிக்கச் சொல்லுங்கள்.

சார்ஜர் விஷயத்தில் சங்கம் மனம் மாறினால், புக்கிங் செய்வதற்கு முன் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். தினமும் ஊருக்குள்ளேயே ஓட்டுகிற, சத்தம் பொறுக்காத ஒருவருக்கு மின்சாரக் கார்தான் இன்னும் பொருத்தம்; அதற்கு ஜிஎஸ்டியும் 5 சதவீதம்தான்.